ஸ்பிரிண்டும் மைல்ஸ்டோனும் ஒரே திட்டத்தில்: எதை முதலிலேயே ஃப்ரீஸ் செய்வது, எதைத் திறந்து விடுவது?

நிரல்நேசன் (இழையைத் தொடங்கியவர்)

இப்போது நான் இருக்கும் திட்டத்தை வைத்து ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்பதோடு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தம் ஃபிக்ஸட் பிரைஸ். முதலில் ரெக்வயர்மெண்ட் ஆவணம், அதற்குக் கையெழுத்து. பிறகு டிசைன் ஆவணம், அதற்கும் கையெழுத்து. அதற்குப் பிறகு கோடிங் மட்டும் இரண்டு வார ஸ்பிரிண்டாக (சிறு வேலைச் சுற்றாக) நடக்கிறது, ஸ்டாண்ட்-அப் (தினசரிக் குறுங்கூட்டம்), டெமோ, ரெட்ரோ (சுற்று எப்படி நடந்தது என்று பேசும் கூட்டம்) எல்லாம் முறைப்படி உண்டு. எல்லா ஸ்பிரிண்டும் முடிந்ததும் தனியாக ஒரு பெரிய டெஸ்டிங் கட்டம், கடைசியில் ஒரே ஒரு ரிலீஸ். மேலிடத்தில் இதைத்தான் ஹைப்ரிட் என்கிறார்கள். 2011-லேயே ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த டேவ் வெஸ்ட் இதற்கு வாட்டர்-ஸ்க்ரம்-ஃபால் என்று பெயர் வைத்துவிட்டார். வாட்டர்ஃபால் என்றால் ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது; ஸ்க்ரம் என்பது சிறு சுற்றுகளில் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறைகளில் ஒன்று. இங்கே மேலே வாட்டர்ஃபால், கீழே வாட்டர்ஃபால், நடுவில் மட்டும் ஸ்க்ரம்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், ஸ்பிரிண்டில் நாம் கற்றுக்கொள்வது எங்குமே போய்ச் சேருவதில்லை. டெமோவில் கிளையண்ட் ஒரு திரையைப் பார்த்துவிட்டு "இந்த வரிசையில் எங்கள் ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள்" என்று சொன்னால், அது உடனே சேஞ்ச் ரெக்வஸ்ட். அதற்கு ஒரு படிவம், ஒரு எஸ்டிமேட், ஒரு பேரம். மூன்றாவது டெமோவுக்குப் பிறகு அவர்கள் வாய் திறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லாக் குறையும் யுஏடியில், அதாவது கிளையண்ட் கடைசியில் செய்யும் ஏற்புச் சோதனையில், மொத்தமாக வந்து விழுகிறது.

இரண்டு முறைகளையும் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் திட்டத்தைக் காலவாரியாகக் கூறு போடக் கூடாது, எதைப் பின்னால் மாற்றினால் எவ்வளவு வலிக்கும் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். வாடிக்கையாளரை அடையாளம் காண மொபைல் எண்தான் முதன்மைச் சாவி என்று தரவுத்தளத்தில் முடிவு செய்துவிட்டு, ஒரே எண்ணை இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பின்னால் தெரிந்தால், உள்ளே இருக்கும் உண்மையான தரவு, அதைச் சார்ந்த ரிப்போர்ட்டுகள், மற்ற மென்பொருள்கள் இணைய வெளியே கொடுத்த ஏபிஐ எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். அந்த மாதிரி முடிவுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும், விமர்சனம் வேண்டும், கையெழுத்துகூட வேண்டும். அதே திட்டத்தில் தேடல் முடிவு எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை ஆறு மாதம் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குவதில் யாருக்கும் லாபம் இல்லை.

உங்கள் இடங்களில் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

மைன்ஃப்ரேம்_மணி

பழைய முறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வாட்டர்ஃபால் என்று எல்லோரும் திட்டுவது ஒரு தவறான வாசிப்பிலிருந்து வந்தது. 1970-ல் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் அந்தப் படிக்கட்டுப் படம் இருக்கிறது, வாட்டர்ஃபால் என்ற சொல் இல்லை. படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்வது ஆபத்தானது, தோல்விக்கு வழி வகுக்கும் என்று அவரே எழுதினார். காரணமும் சொன்னார்: டெஸ்டிங் கடைசியில் வருகிறது, நேரம், நினைவகம், உள்ளீடு வெளியீடு இதெல்லாம் காகிதத்தில் கணக்கிட்டபடி நடக்கிறதா என்பது அங்கேதான் முதன்முதலில் தெரிகிறது, அப்போது தெரிந்தால் டிசைனையே புரட்டிப் போட வேண்டியிருக்கும். அதனால் முக்கியமான பகுதியை முதலில் ஒரு முறை முன்மாதிரியாகச் செய்துபாருங்கள், கிளையண்டைக் கடைசிவரை காத்திருக்க வைக்காமல் முன்னதாகவே உள்ளே கொண்டுவாருங்கள் என்றார். அந்தப் படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க ராணுவத்தின் 1985-ஆம் ஆண்டு 2167 தரநிலை வரிசையான அந்தக் கட்டங்களைக் கிட்டத்தட்டச் சட்டமாக்கியது, 1994-ல் அதற்குப் பதிலாக வந்த 498 தரநிலைதான் கொஞ்சம் பிடியைத் தளர்த்தியது.

ஆக, நிரல்நேசன் கேட்பது புதிய கேள்வி அல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை. "மாற்றுவது சுலபம்" என்று டெவலப்பர் நினைப்பது வேறு, நிஜம் வேறு. தேடல் வரிசையை உதாரணமாகக் கொடுத்தீர்கள். அந்த வரிசையை நம்பி இன்னொரு அமைப்பு முதல் பத்து முடிவுகளை எடுத்து வேலை செய்தால்? அப்போது அது திரை விஷயம் அல்ல, இரண்டு அமைப்புகள் இணையும் இண்டர்ஃபேஸ். ஆவணம் எழுதுவதில் இருக்கும் பலனே இதுதான், யார் எதைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது எழுதும்போதுதான் வெளியே வரும்.

சோதனைமேசை

டெஸ்டிங் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் எப்போது ஃப்ரீஸ் செய்வது என்று பேசுகிறீர்கள், எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அடுத்த கட்டத்துக்கு அனுமதி தரும் கேட்டில் என்னத்தைக் காட்டி உள்ளே போகிறோம் என்பது.

வழக்கமான கேட் ரிவ்யூவில் என்ன நடக்கிறது? ஆவணம் இருக்கிறதா, பதிப்பு எண் சரியா, கையெழுத்து இருக்கிறதா. மூன்றும் இருந்தால் பச்சை. அந்த ஆவணத்தில் எழுதியது வேலை செய்யுமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அந்தக் கட்டத்தில் பதில் சொல்ல வழி இல்லை. அதனால்தான் டிசைன் கட்டம் பச்சை, கோடிங் கட்டம் பச்சை, டெஸ்டிங்கில் நுழைந்ததும் திடீரென்று எல்லாம் சிவப்பு. ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. அதுவரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டை வைத்துக்கொள்ளுங்கள், எடுக்க வேண்டாம். ஆனால் கேட்டில் காட்ட வேண்டியது ஓடுகிற மென்பொருளாக இருக்கட்டும். உதாரணத்துக்கு ஆர்க்கிடெக்சர் கேட். அதில் நான் கேட்பது இது: ஒரே ஒரு ஆர்டர், எளிமையானது, தள்ளுபடி கிடையாது, ரத்து கிடையாது. அது திரையில் தொடங்கி, சர்வர் போய், தரவுத்தளத்தில் பதிவாகி, வெளி அமைப்புக்குப் போய், பதில் திரும்பி வந்து, திரையில் தெரிய வேண்டும். உண்மையான வெளி அமைப்போடு, நாமே செய்த பொம்மையோடு அல்ல. இதை ஓட்டிக் காட்டினால் கேட் திறக்கும். அதற்கு முன்னால் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் திறக்காது.

இன்னொன்று. இரண்டு டீம், இரண்டுமே ஒழுங்காக ஸ்பிரிண்ட் ஓட்டின. ஒரு டீம் தேதியை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) அனுப்பியது, மற்றது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஸ்டோரி (பயனரின் ஒரு சிறு தேவை) டன், இரண்டு பக்கமும் டெஸ்ட் பாஸ். சேர்த்துப் பார்த்தபோது நள்ளிரவை ஒட்டிய பதிவுகள் எல்லாம் வேறு தேதியில் போய் உட்கார்ந்திருந்தன. இது அஜைலின் குற்றமா, பழைய முறையின் குற்றமா என்று சண்டை போட்டுப் பயனில்லை. தேதி எந்த நேர மண்டலத்தில் வரும் என்று இண்டர்ஃபேஸ் ஆவணத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், அது பழைய ஒழுங்கு. அந்த வரி உண்மையா என்று ஒவ்வொரு பில்டிலும் (மென்பொருளைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும்) ஒரு தானியங்கி டெஸ்ட் பார்த்திருக்க வேண்டும், அது புது ஒழுங்கு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் இந்தப் பிழை தப்பித்துவிடும்.

முழுஅஜைல்

மன்னிக்கவும், எனக்கு இந்த ஹைப்ரிட் பேச்சே ஒப்பவில்லை. பத்து இடத்தில் ஒன்பது இடத்தில் அது மாறப் பயப்படும் மேலாளர்களுக்கு ஒரு வசதியான பெயர். பழைய ரிப்போர்ட் அப்படியே வேண்டும், பழைய கையெழுத்து அப்படியே வேண்டும், கூடவே டெவலப்பர்கள் வேகமாகவும் வேலை செய்ய வேண்டும். டீமுக்கு இரட்டை வேலை. காலையில் போர்டில் ஸ்டோரியை நகர்த்து, மாலையில் அதே விஷயத்தைத் திட்ட அட்டவணையில் சதவீதமாகப் போடு.

எஃப்பிஐயின் வழக்குக் கோப்பு மென்பொருளான சென்டினல் திட்டத்தைப் பாருங்கள். 2006-ல் தொடங்கி, கட்டம் கட்டமாகத் திட்டம் போட்டு, தாமதம் மேல் தாமதம். 2010-ல் வெளி ஒப்பந்ததாரரிடமிருந்து எஃப்பிஐ தானே பொறுப்பை எடுத்துக்கொண்டு, சிறிய டீமை வைத்து ஸ்க்ரம் முறையில் செய்தது. 2012 ஜூலையில் அது புழக்கத்துக்கு வந்தது. அரைகுறையாகக் கலக்கவில்லை, முழுதாக மாறினார்கள்.

மைன்ஃப்ரேம்_மணி

சென்டினலை எடுத்ததால் சொல்கிறேன், அந்தக் கதை உங்கள் பக்கம் மட்டும் சாய்வதில்லை. 2010-ல் அவர்கள் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கவில்லை. முந்தைய வருடங்களில் எழுதிய ரெக்வயர்மெண்ட் ஆவணம் கையில் இருந்தது, அதை யூசர் ஸ்டோரிகளாகப் பிரித்துத்தான் பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்) உருவானது. முந்தைய கட்டங்களில் செய்து முடித்த பகுதிகளும் இருந்தன. ஸ்க்ரம் அந்தத் திட்டத்தைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்பது அவ்வளவு தெளிவாக எழுதப்படாமல் இருந்திருந்தால் அந்த வேகம் வந்திருக்குமா?

இரட்டை வேலை என்பதை மட்டும் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அது டீமைக் கொல்லும்.

மருத்துவக்கருவி

முழுஅஜைல் நண்பருக்கு: உங்கள் பேச்சு சில துறைகளில் எடுபடாது. நான் மருத்துவக் கருவி மென்பொருளில் இருக்கிறேன். ஐஈசி 62304 என்ற தரநிலை, 2006-ல் வந்தது, மென்பொருளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. தவறினால் உயிர் போகும் அல்லது கடுமையான காயம் ஆகும் என்றால் சி. அந்த வகுப்புக்கு விரிவான டிசைன், யூனிட் அளவில் சரிபார்ப்பு, தடம் காணும் பதிவு எல்லாம் கட்டாயம்.

ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தத் தரநிலை வாட்டர்ஃபால் செய் என்று எங்குமே சொல்லவில்லை. எந்த வாழ்க்கைச் சுழற்சி மாதிரியையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. என்னென்ன வேலை நடந்திருக்க வேண்டும், அதற்கு என்ன சான்று வேண்டும் என்று மட்டும் சொல்கிறது, எந்த வரிசையில் என்பது உங்கள் பாடு. அஜைல் முறையை இதோடு எப்படிப் பொருத்துவது என்பதற்கென்றே அமெரிக்க மருத்துவக் கருவிச் சங்கமான ஏஏஎம்ஐ 2012-ல் டிஐஆர்45 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதனால் "தணிக்கை இருக்கிறது, அஜைல் முடியாது" என்று யாராவது சொன்னால் தரநிலையை ஒரு முறை நேரடியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு வரியைக் காட்டுகிறேன். நோயாளிக்கு மருந்து செலுத்தும் பம்ப் என்று வையுங்கள். ஆபத்து: குழாய் அடைபட்டும் கருவி தெரிவிக்கவில்லை. கட்டுப்பாடு: அழுத்தம் வரம்பைத் தாண்டினால் ஒலி எச்சரிக்கை, மருந்து நிறுத்தம். அதற்குப் பக்கத்தில் ரெக்வயர்மெண்ட் எண், டிசைன் பகுதி, டெஸ்ட் எண், கடைசியாக எந்த பில்டில் ஓடியது, முடிவு என்ன. முன்பெல்லாம் இந்த அட்டவணையைத் திட்டம் முடியும் நேரத்தில் உட்கார்ந்து நிரப்புவார்கள், பாதி நினைவிலிருந்து. ஸ்பிரிண்ட் முறையில் இந்த ஒரு வரி நிரம்பாமல் அந்த ஸ்டோரி டன் ஆகாது. எழுதியவருக்கு எல்லாம் மனதில் பசுமையாக இருக்கும்போதே நிரம்புகிறது. எங்கள் துறையில் ஆவணத்தின் தரத்தை உயர்த்தியதே ஸ்பிரிண்டுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

சுலபம் இல்லாத இடமும் உண்டு. ஆபத்துப் பகுப்பாய்வை ஸ்டோரி ஸ்டோரியாகச் செய்ய முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் பாதுகாப்பான இரண்டு அம்சங்கள் சேரும்போது ஆபத்தாக மாறலாம். அதற்கு மொத்த அமைப்பையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்துப் பார்க்கும் கூட்டம் வேண்டும், அது ஸ்பிரிண்ட் நாட்காட்டிக்கு அடங்காது. நாங்கள் அதைத் தனி மைல்ஸ்டோனாக வைக்கிறோம், அது முடியாமல் ரிலீஸ் இல்லை.

கிளையண்ட்_பக்கம்

இந்த இழையில் பணம் கொடுக்கிற பக்கத்தின் குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன். எங்களுக்கு ஃபிக்ஸட் பிரைஸ் மேல் காதல் ஒன்றும் கிடையாது. பட்ஜெட் வருடத்துக்கு ஒரு முறை ஒதுக்கப்படுகிறது, எவ்வளவு, எதற்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டோரி பாயிண்ட் (டீம் உழைப்பை மதிப்பிடும் எண்) என்றால் என்ன என்று பட்ஜெட் கமிட்டிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பணமும் தேதியும் அசையாது என்றால் அளவுதான் அசைய வேண்டும். இதை 1994-ல் வந்த டிஎஸ்டிஎம் முறை அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டது. கண்டிப்பாக வேண்டியது, வேண்டியது, இருந்தால் நல்லது, இந்த முறை வேண்டாம் என்று பிரிக்கச் சொல்கிறது. இதில் பலரும் விட்டுவிடும் ஒரு விதி, கண்டிப்பாக வேண்டியவை மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதி 40 தான் உங்கள் மூச்சுவிடும் இடம். எல்லாமே கண்டிப்பாக வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எழுதுவார்கள், எழுதத்தான் செய்வார்கள், ஏனென்றால் முதல் ரிலீஸில் வராதது என்றைக்குமே வராது என்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தைப் போக்காமல் முன்னுரிமை கேட்டால் நேர்மையான பதில் வராது.

நிரல்நேசன் சொன்ன சேஞ்ச் ரெக்வஸ்ட் பிரச்சினைக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு வழி வைக்கலாம். இன்னும் தொடங்காத ஒரு அம்சத்தைத் தூக்கிவிட்டு, அதே அளவு உழைப்புள்ள இன்னொன்றை உள்ளே கொண்டுவந்தால் அது சேஞ்ச் ரெக்வஸ்ட் ஆகாது என்று ஒரு ஷரத்து. கண்டிப்பாக வேண்டியவற்றுக்கும் வெளி இண்டர்ஃபேஸுக்கும் மட்டும் இது பொருந்தாது, அங்கே முழு நடைமுறை. இந்த ஒரு ஷரத்து இருந்தால் டெமோவில் எங்கள் ஆட்கள் வாய் திறப்பார்கள். சொன்னால் செலவு என்று இருக்கும்வரை யார் சொல்வார்கள்?

புதுவரவு

எல்லோரும் சொல்வது புரிகிறது, ஆனால் கோடு எங்கே போடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கொடுத்திருக்கும் திட்டத்தில் எல்லாமே மாற்றக் கஷ்டமானது மாதிரிதான் தெரிகிறது. மேலும் என் டீமில் பாதிப் பேர் புதியவர்கள்.

நிரல்நேசன்

புதுவரவு, உங்கள் கடைசி வரியை நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள், ஆனால் அது முக்கியமான காரணி. மென்பொருள் பொறியியல் வல்லுநர்களான பேரி போம், ரிச்சர்ட் டர்னர் இருவரும் 2003-ல் ஐந்து அளவுகோல் சொன்னார்கள்: டீமின் அளவு, தவறினால் வரும் சேதம், தேவைகள் மாறும் வேகம், ஆட்களின் தேர்ச்சி, நிறுவனத்தின் பழக்கம். அனுபவசாலிகள் குறைவாக இருக்கும் டீமில் "நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று விட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போவார்கள். அங்கே திட்டத்தின் பங்கு கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: திட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாயவில்லை என்றால், அடிக்கடி மாறும் பகுதிகளை ஆர்க்கிடெக்சரிலேயே தனியாக அடைத்துவிடுங்கள் என்றார்கள். அதாவது கோடு தானாக இருக்காது, நாம்தான் டிசைனில் போட வேண்டும். எல்லாமே மாற்றக் கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றினால், அநேகமாக எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

பேக்லாகில் இருக்கும் ஒவ்வொரு பெரிய அம்சத்துக்கும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இது தவறு என்று ரிலீஸுக்குப் பிறகு தெரிந்தால், நம் டீம் மட்டும் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா, வேறு யாராவது தங்கள் பக்கத்தில் மாற்ற வேண்டுமா? அப்புறம், அதற்குள் சேர்ந்துவிட்ட தரவைத் திருத்த வேண்டுமா? இரண்டுக்கும் பதில் நம் டீம் போதும், தரவைத் தொட வேண்டாம் என்றால் ஸ்பிரிண்டில் விடுங்கள். மற்றவை திட்டமிடும் பக்கம். மணி சார் சொன்ன தேடல் வரிசை உதாரணம் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும், நல்ல உதாரணம் அது.

முழுஅஜைல்

அந்த இரண்டு கேள்வியோடு எனக்குச் சண்டை இல்லை. அஜைல் அறிக்கை எழுதிய 17 பேரும்கூட 2001-ல் திட்டமும் ஆவணமும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் மற்றதை அதிகம் மதிக்கிறோம் என்றுதான் எழுதினார்கள்.

என் பயம் வேறு. திட்டமிடும் பக்கம் என்று ஒரு பெட்டியைத் திறந்து வைத்தால், நிறுவனம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு புதுக் கையெழுத்து சேரும், எதுவும் நீங்காது. அதைத் தடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

சோதனைமேசை

நியாயமான கேள்வி. எங்களிடம் இருக்கும் ஒரே ஏற்பாடு, ஒவ்வொரு கேட் கேள்விக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார், ரெட்ரோவில் கேட்டையும் சேர்த்து விவாதிக்கிறோம். இந்தக் கேள்வி கடைசியாக எந்தப் பிழையைப் பிடித்தது என்று உரிமையாளரிடம் கேட்போம். தொடர்ந்து சில ரிலீஸ்களில் எதையும் பிடிக்கவில்லை, அதையே ஒரு தானியங்கி டெஸ்ட் பார்த்துக்கொள்கிறது என்றால் அந்தக் கையெழுத்து நீங்கும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு இந்த விதி கிடையாது, எதுவும் பிடிபடவில்லை என்பதால் அவற்றை எடுக்க முடியாது.

இரட்டை ரிப்போர்ட் பற்றி: சதவீதம் போடுவதை நிறுத்தினோம். ஒப்புக்கொண்ட அம்சங்களில் எத்தனை கிளையண்ட் பார்த்து ஏற்றவை, எத்தனை மீதி, அவ்வளவுதான் மேலே போகிறது. அது போர்டிலிருந்தே தானாக வருகிறது, யாரும் மாலையில் உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். ஆரம்பத்தில் மேலிடம் சதவீதம் கேட்டது. 90 சதவீதம் என்று எழுதிய வேலை வாரக்கணக்கில் 90-லேயே நிற்கும் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினோம், அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கிளையண்ட்_பக்கம்

அந்த ரிப்போர்ட் வடிவம் எங்களுக்கும் ஒத்துவரும், "பார்த்து ஏற்றவை" என்பதில் யார் பார்த்தது என்ற பெயரும் இருந்தால். எங்கள் பக்கம் டெமோவுக்கு யார் கையில் நேரம் இருக்கிறதோ அவரை அனுப்பிவிடுகிறோம், யுஏடியில் உட்காருபவர் வேறு ஆள். அவர் வேறு மாதிரி கேட்பார். ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் எங்களிடம் கேட்டு வாங்க வேண்டியது: டெமோவுக்கும் யுஏடிக்கும் ஒரே ஆள், அவருக்கு வாரத்தில் இவ்வளவு நேரம் இதற்கென்று ஒதுக்கியிருக்க வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும். இதை விலைப் பேச்சுக்கு முன்னால் கேளுங்கள். கையெழுத்தான பிறகு அந்த ஆளை எங்களால் விடுவித்துத் தர முடியாது.

நிரல்நேசன்

இதை அடுத்த கட்ட ஒப்பந்தப் பேச்சில் வைக்கப் போகிறேன், மாற்று அம்ச ஷரத்தையும் சேர்த்து. இப்போது ஓடும் ஒப்பந்தத்தைத் திறக்க முடியாது, ஆனால் கடைசி டெஸ்டிங் கட்டத்தை உடைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வெளி அமைப்போடு இணைப்பு டெஸ்டை அடுத்த ஸ்பிரிண்டிலிருந்தே தொடங்குகிறோம். சோதனைமேசை மேடம், அந்த ஒற்றை ஆர்டர் டெஸ்டுக்கு வெளி அமைப்பின் டெஸ்ட் சூழல் பாதி நாள் கீழேயே கிடந்தால் என்ன செய்வீர்கள்?

சோதனைமேசை

அந்தச் சூழல் கீழே கிடக்கும் நேரத்தைப் பதிவு செய்து, அதையே ரிஸ்க் பட்டியலில் முதல் வரியாக கிளையண்டுக்கு அனுப்புங்கள். டெஸ்ட் சூழலை எழுப்பச் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. நடுவில் அவர்களின் உண்மையான பதில்களைப் பதிவு செய்து வைத்து அதை வைத்து ஓட்டலாம், ஆனால் அந்தப் பதிவு எந்தத் தேதியில் எடுத்தது என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். கேட்டுக்கு மட்டும் நேரடி அமைப்போடு ஓடியது வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.